வாடகை வீட்டை விடச் சொன்னால் எங்கே போவது?
திருகோணமலையில் வாழும் நம் பிள்ளைகளுக்கும் உறவுகளுக்கும் சில விளக்கங்கள்



நமது தோட்டங்களில் பல வீடுகளில் ஒருவராவது வெளியூரில் இருக்கிறார். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர்களைப் பற்றி அடிக்கடி பேசுகிறோம். திருகோணமலைக்குப் போனவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலை என்று பல இடங்களில் குடியேறின. அந்தச் சொந்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலும் பலர் போனார்கள். சீனக்குடா மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்கள், துறைமுகத்தைச் சுற்றிய கூலி வேலை என்று கிடைத்ததைச் செய்து வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

இப்படி இருக்கிறவர்களுக்கு ஒரு நாள் வீட்டுக்காரர் வந்து, "தம்பி, மகளுக்குக் கலியாணம் வருது, வாற மாசம் வீட்டை விட்டுத் தாங்கோ" என்று சொன்னால் என்ன செய்வது? லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதுப் பயம். லயக் காம்பரா சிறியதுதான், ஒழுகும்தான். ஆனாலும் தோட்டத்தில் வேலை இருக்கும்வரை தலைக்கு மேல் கூரை இருந்தது. டவுனில் அப்படி இல்லை. ஆகவே வாடகை வீட்டை விட வேண்டி வரும் குடும்பத்துக்கு என்ன வழி இருக்கிறது, அரசாங்க வீட்டு உதவி எப்படிக் கிடைக்கும், எங்கே ஏமாந்து போவார்கள் என்பதை இந்த இதழில் விளக்குகிறோம்.

திருகோணமலையில் வீடு ஏன் கிடைப்பதில்லை?

படத்தை எடுத்துப் பாருங்கள். திருகோணமலைப் பட்டினம் ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் உள்துறைமுகம் என்று நடுவில் ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. அந்த நிலத்திலும் பெரும் பகுதி பொதுமக்கள் கையில் இல்லை. பிரித்தானியர் இதைக் கடற்படைத் தளமாக வைத்திருந்தார்கள். 1942 ஏப்ரல் 9-ந் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதும் அதனால்தான். 1957-இல் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. இன்றும் கடற்படை, விமானப்படை, சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள், துறைமுக அதிகார சபை என்று நிலம் பிரிந்து கிடக்கிறது. மிச்சமுள்ள கொஞ்ச நிலத்தில்தான் ஊர்ச் சனமும், சண்டையில் இடம்பெயர்ந்து வந்தவர்களும், உத்தியோகத்துக்கு வந்தவர்களும், உல்லாசப் பயணிகளுக்கு அறை விடுபவர்களும் இடம் தேடுகிறார்கள். வாடகை ஏறாமல் என்ன செய்யும்?

ஒரு நல்ல மாற்றமும் உண்டு. 2009-இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் பாதையில் ஏறி நீரைக் கடக்க வேண்டும். இப்போது கிண்ணியாப் பக்கம் இருந்துகொண்டே பஸ்ஸில் பட்டினத்துக்கு வேலைக்கு வரலாம். தம்பலகாமம், கன்னியா, பாலையூற்றுப் பக்கங்களும் இப்படித்தான். பட்டினத்துக்குள்ளேதான் வீடு வேண்டும் என்று நிற்காமல், பஸ் ஓடும் தூரத்தைக் கணக்குப் பார்த்துத் தேடுவது நல்லது. வாடகையையும் பஸ் காசையும் சேர்த்துப் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் கணக்குப் பிழைக்கும்.

"போ" என்று சொன்னால் உடனே போக வேண்டுமா?

இல்லை. முதலில் இதை மனதில் வையுங்கள். வீட்டுக்காரர் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். அது அவருடைய உரிமை. ஆனால் பூட்டை மாற்றுவதோ, சாமானை ரோட்டில் போடுவதோ, ஆள் வைத்து மிரட்டுவதோ அவருடைய உரிமை இல்லை. குடியிருப்பவர் விருப்பமின்றி வெளியேற்றப்பட வேண்டுமானால் அதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும்.

1972-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்கு நிறையப் பாதுகாப்புக் கொடுத்தது. ஆனால் 1980-இல் வந்த திருத்தம், 1980 சனவரி 1-ந் திகதிக்குப் பிறகு கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்பு வீடுகளை அதிலிருந்து விலக்கிவிட்டது. நம் ஆட்கள் இருக்கும் வீடுகளில் அதிகம் அதற்குப் பிறகு கட்டியவையே. ஆகவே "வாடகைச் சட்டம் இருக்கு, யாரும் அசைக்க ஏலாது" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த கட்டடத்தைக் காலம் முடிந்ததும் சொந்தக்காரர் விரைவாக மீளப் பெறவும் வழி செய்திருக்கிறது. ஆனால் அதற்கும் அவர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

பலவந்தமாக வெளியே போட்டுவிட்டால் என்ன செய்வது? உடனே பொலிசில் முறைப்பாடு எழுதி, அதன் இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். 1979-ஆம் ஆண்டின் 44-ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின் கீழ், இருப்பிடம் பற்றிய தகராறு சமாதானக் குலைவில் முடியலாம் என்றால் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். பொலிசார் கொண்டுபோகலாம், பாதிக்கப்பட்டவரும் நேரே போகலாம். இங்கே நாள் கணக்கு முக்கியம். வெளியேற்றப்பட்ட 2 மாதத்துக்குள் இதைச் செய்தால்தான் திரும்பவும் உள்ளே விடும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். "பார்ப்போம், பார்ப்போம்" என்று 3 மாதம் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டுப் போனால் அந்தக் கதவு மூடிவிடும்.

லோயருக்குக் காசு இல்லையே என்று பயப்பட வேண்டாம். 1978-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுகிறது. நீதிமன்றத்துக்குப் போனால் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். சண்டை பெரிதாகாத நிலையில் மத்தியஸ்த சபையும் உண்டு. அங்கே பேசி, "பிள்ளையின் பரீட்சை முடியும் வரை 3 மாதம் தாருங்கள்" என்று கேட்டு, அதை எழுத்தில் எடுத்துக்கொள்ளலாம். பல வேளைகளில் நமக்கு வேண்டியது வெற்றி இல்லை, கொஞ்சம் தவணை.

அரசாங்க வீடு: வரிசை இருக்கிறதா?

"கவுன்சில்ல பேர் பதிஞ்சா வீடு குடுப்பாங்களாமே" என்று சிலர் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் உள்ளூர்ச் சபைகள் வாடகைக்கு வீடு வைத்திருக்கின்றன. பெயரைப் பதிந்து காத்திருந்தால் முறை வரும்போது கொடுப்பார்கள். சிங்கப்பூரில் 1960-இல் தொடங்கிய வீடமைப்புச் சபை நாட்டின் பெரும்பான்மையோருக்கு வீடு கட்டிக் கொடுத்தது. தமிழ்நாட்டில் 1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 2021-இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.

நம் நாட்டில் பழக்கம் வேறு. இங்கே அரசாங்கம் அதிகம் செய்தது, ஏழைக் குடும்பம் தானே சொந்த வீடு கட்ட உதவுவது. 1978-இல் ஒரு இலட்சம் வீட்டுத் திட்டம் வந்தது. 1979-இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை அமைந்தது. 1984-இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கியது. அதில் அரசாங்கம் சிறு கடன் கொடுக்கும், குடும்பம் கட்டிக்கொள்ளும். 1987-ஐ வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அனுட்டித்ததிலும் இலங்கைக்குப் பெரிய பங்கு உண்டு. கொழும்பில் 2001-இல் திறந்த சகஸ்புர போன்ற 671 வீடுகள் கொண்ட மாடிக் கட்டடங்கள் சேரிக் குடும்பங்களுக்காக வந்தன. அவை அங்கே ஏற்கனவே குடியிருந்தவர்களை மாற்றி வைக்கக் கட்டியவை.

இந்திய அரசின் உதவியோடு வடக்கிலும் கிழக்கிலும் சுமார் 45,000 வீடுகள் கட்டப்பட்டன. ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா தவணை தவணையாகக் குடும்பத்தின் கணக்குக்கு வந்தது. அத்திவாரம் போட்டால் ஒரு பங்கு, சுவர் எழும்பினால் ஒரு பங்கு. நம் மலையகத்துக்கும் அதே திட்டத்தில் 4,000 வீடுகள் ஒதுக்கினார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 அறிவித்தார்.

இவற்றை ஏன் சொல்கிறோம்? ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுக்கு உதவி வருகிறது, ஆனால் அது நிற்க ஒரு துண்டுக் காணி வேண்டும். காணி இல்லாத வாடகைக் குடும்பத்துக்கு இந்த உதவிகள் கைக்கு எட்டுவது கஷ்டம். ஆகவே நமக்கு அரசாங்க வீட்டுக்கான பாதை இரண்டு படி: முதலில் காணி, பிறகு வீடு.

சுனாமி சொல்லித் தந்தது

2004 டிசம்பர் 26-ந் திகதி சுனாமி திருகோணமலைக் கரையையும் அடித்தது. பிறகு அரசாங்கம் கரையோரத்தில் வீடு கட்டக் கூடாத எல்லை ஒன்றைப் போட்டது. தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர். எல்லைக்கு வெளியே வீடு உடைந்தவர்களில், காணி தன்னுடையது என்று காட்டியவர்களுக்கு முழுச் சேதத்துக்கு 2 இலட்சத்து 50 ஆயிரம், பாதிச் சேதத்துக்கு 1 இலட்சம் ரூபா என்று கொடுத்தார்கள். உடைந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் நிலை என்ன? வீடு அவர்களுடையது இல்லையே! முதலில் அவர்கள் கணக்கில் வரவில்லை. 2006-இல் கொள்கையைத் திருத்திய பிறகுதான் அவர்களுக்கும் வழி பிறந்தது. அப்போதும், "நான் இந்த வீட்டில்தான் குடியிருந்தேன்" என்று நிரூபிக்க எதாவது கடதாசி வேண்டியிருந்தது.

வாடகைக்கு இருப்பவர் கடதாசியில் இல்லாவிட்டால், உதவி வரும் நாளில் அவர் ஊரிலேயே இல்லாதவர் மாதிரிதான். இதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறோம்.

முதல் வேலை: பதிவு

வீட்டை விடச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். குடிபோன முதல் மாதத்திலேயே இவற்றைச் செய்யச் சொல்லுங்கள்.

1. கிராம உத்தியோகத்தரிடம் போய்க் குடும்பத்தைப் பதிய வேண்டும். "வீட்டுக்காரர் விரும்பமாட்டார், பதிஞ்சா வீட்டை எடுத்துடுவாங்கன்னு பயப்படுறார்" என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். பதிவதால் வீடு யாருக்கும் சொந்தமாகிவிடாது. இதை வீட்டுக்காரருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம். கிராம உத்தியோகத்தரையே சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது.

2. வாக்காளர் இடாப்பில் பெயர் வர வேண்டும். அதற்கு வழமையாக அங்கே வசிப்பதுதான் கணக்கு. சொந்த வீடு தேவையில்லை. தோட்டத்து இடாப்பில் பெயரை வைத்துக்கொண்டு திருகோணமலையில் பத்து வருடம் இருப்பவர்கள் உண்டு. காணிக் கச்சேரி நடக்கும்போது "இந்தப் பிரிவில் எத்தனை வருடம்?" என்று கேட்டால் இவர்களிடம் பதில் இருக்காது. திருவிழாவுக்கும் வாக்குப்போடவும் ஊருக்கு வர ஆசைதான். ஆனால் இரண்டு ஊரிலும் கால் வைத்தால் இரண்டிலும் இடம் இல்லாமல் போகும்.

3. வாடகை கொடுத்த ஒவ்வொரு மாதத்துக்கும் துண்டு வாங்க வேண்டும். வீட்டுக்காரர் துண்டு தராவிட்டால் வங்கியில் போடுங்கள். ஒரு கொப்பியில் திகதி, தொகை எழுதி ஒப்பம் வாங்கினாலும் போதும். முற்பணத்துக்குக் கட்டாயம் எழுத்து வேண்டும். வீட்டை விடும்போது அதிகம் சண்டை வருவது இந்தக் காசில்தான்.

4. அஸ்வெசும உதவி எடுப்பவர்கள் முகவரி மாறினால் பிரதேச செயலகத்தில் அறிவிக்க வேண்டும். 2023-இல் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக வந்தது இது. வருமானம் குறைந்த குடும்பம் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

5. பிறப்பு, விவாகப் பத்திரங்கள், அடையாள அட்டை எல்லாம் கையில் இருக்க வேண்டும். இதில் தோட்டத்தில் உள்ள பெற்றோர் உதவலாம். பிள்ளையின் பிறப்புப் பத்திரப் பிரதியை இங்கே எடுத்து அனுப்புங்கள். பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் இன்னொரு மாதிரியும் இருந்தால் இப்போதே திருத்துங்கள். அவசரத்தில் இது முடியாது.

எங்கே விண்ணப்பிப்பது?

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உண்டு. பட்டினமும் சூழலும், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி என்று. எந்தப் பிரிவில் குடியிருக்கிறீர்களோ அந்தச் செயலகத்துக்கே போக வேண்டும். காணி இல்லாத குடும்பம் என்று எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் திகதி முத்திரையோடு பிரதி வாங்குங்கள். அரச காணி பகிரும்போது 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி காணிக் கச்சேரி வைத்து ஆட்களைத் தெரிவார்கள். தெரிவானால் முதலில் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். நம் ஆட்கள் "பேர்மிட்" என்பது அதைத்தான்.

காணி கையில் வந்ததும் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், என்ன கடன், என்ன மானியம் நடக்கிறது என்று கேளுங்கள். அரசாங்கம் மாறும்போது திட்டத்தின் பெயரும் தொகையும் மாறும். 2020-இல் ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு 6 இலட்சம் ரூபா என்று ஒரு திட்டம் வந்தது. பெயரைத் தேடாதீர்கள். "இப்ப காணி உள்ள ஏழைக் குடும்பத்துக்கு என்ன உதவி இருக்கு ஐயா?" என்று கேட்டால் போதும்.

ஏமாறும் இடம்

வீட்டை விடும் அவசரத்தில் நகையை அடகு வைத்து, "மலிவா ஒரு துண்டுக் காணி இருக்கு" என்று யாரோ சொல்வதை வாங்குவார்கள். மிகவும் கவனம் தேவை. துறைமுகத்தைச் சுற்றிய நிலத்தில் கணிசமான பகுதி துறைமுக அதிகார சபைக்கு உரியது. அங்கே நீண்ட காலம் பயிர் செய்தவர்களும் குடியிருந்தவர்களும் உறுதி இல்லாமல் இன்றும் போராடுகிறார்கள். இன்னொரு பகுதி காட்டுத் திணைக்களத்துக்கும் வேறு திணைக்களங்களுக்கும் உரியது. முத்திரை ஒட்டிய தாளில் இரண்டு பேர் சாட்சி வைத்து எழுதினால் காணி சொந்தமாகாது. காணி கைமாற நொத்தாரிசு எழுதிய உறுதி வேண்டும் என்பது 1840-ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் சட்டம். பேர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது.

அனுமதி இல்லாமல் அரச காணியில் இருந்தால் 1979-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கச் சட்டப்படி வெளியேறும்படி அறிவித்தல் வரும். குறைந்தது 30 நாள் தவணை இருக்கும். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றம். அங்கே "காசு குடுத்து வாங்கினேன்" என்றால் எடுபடாது. சட்டப்படியான அனுமதி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். வாடகை வீட்டையும் இழந்து, நகையையும் இழந்து நிற்க வேண்டி வரும். ஆகவே ஒரு சதம் கொடுக்கும் முன் பிரதேச செயலகக் காணிப் பிரிவிலும் காணிப் பதிவகத்திலும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

காசுக்கு ஒரு வழி

சேமலாப நிதியை மறந்துவிடாதீர்கள். தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் என்று மாதாமாதம் சேரும் பணம் அது. 10 வருடத்துக்கு மேல் வேலை செய்து, கணக்கில் 3 இலட்சம் ரூபாவுக்கு மேல் இருந்தால், ஓய்வுக்கு முன்பே அதில் 30 வீதத்தை வீட்டுத் தேவைக்காக எடுக்கலாம். தொழில் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். டவுனில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பலருக்கு முதலாளி நிதி கட்டுகிறாரா என்றே தெரியாது. அதையும் அங்கேயே விசாரிக்கலாம். இன்றைக்குக் கட்டாமல் விட்டால் நாளைக்கு ஒரு சுவர் குறையும்.

அதுவரைக்கும்?

காணியும் வீடும் ஒரு மாதத்தில் வராது. வருடங்கள் போகும். ஆகவே இடையில் இன்னொரு வாடகை வீட்டுக்குத்தான் போக வேண்டும். அப்போது முடிந்தவரை அதே பிரதேச செயலகப் பிரிவுக்குள் பாருங்கள். பிரிவு மாறினால் குடியிருந்த வருடக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். புது வீட்டுக்குப் போனதும் விண்ணப்பக் கோவையில் முகவரியை மாற்ற மறக்க வேண்டாம். காணிக் கச்சேரிக் கடிதம் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பினால் யாரைக் குறை சொல்வது? பிள்ளையின் பாடசாலையை வருட நடுவில் மாற்றாமல் பாருங்கள். கரண்ட், தண்ணீர்க் கட்டணத்தைக் கட்டி முடித்து, துண்டைக் காட்டி, முற்பணத்தைக் கையில் வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள். வீட்டுக்காரரோடு கோபித்துக்கொண்டு போவதில் லாபம் இல்லை. "இத்தனை வருடம் இங்கே இருந்தார்கள்" என்று நாளைக்கு ஒரு கடிதம் தரக்கூடியவர் அவர்தான்.

இந்த இதழைப் படித்துவிட்டு வைத்துவிடாதீர்கள். திருகோணமலையில் உள்ள மகளுக்கோ, தம்பிக்கோ, மச்சானுக்கோ இன்று ராத்திரி போன் எடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் பதிஞ்சியா? வாடகைத் துண்டு இருக்கா? காணிக்கு விண்ணப்பம் குடுத்தியா? மூன்றுக்கும் "இல்லை" என்றால் வருகிற திங்கட்கிழமை போகச் சொல்லுங்கள். நம் பாட்டன் பூட்டன் 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் அது அவர்கள் பெயரில் வரவில்லை. போன இடத்திலாவது நம் பிள்ளைகளின் பெயரில் ஒரு கூரை எழும்ப வேண்டும். அதற்கு முதல் கல் ஒரு கடதாசி.